கொழும்பில் ஆந்தைக் குரல் கேட்பதும் கணக்கு வைப்பதும்

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது: வெள்ளவத்தையில் நான்காம் மாடி வீடு. டிசெம்பர் பிறந்ததிலிருந்து இரவில் ஏதோ ஓர் ஆந்தை விடாமல் கத்துகிறது. டொரண்டோவில் இருக்கும் பெரியம்மாவின் மகள் குளிர்காலம் வந்தால் ஆந்தை கேட்கப் போகிறவர். 'நீயும் அங்கே கணக்கெடு' என்கிறார். கொழும்பில் இது நடக்கிற காரியமா, எப்படித் தொடங்குவது, ஆந்தை கத்துவது வீட்டுக்கு ஆகாது என்கிற அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

நடக்கிற காரியம்தான். ஆனால் அக்கா செய்வதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சரிவராது. அவர் ஊரில் டிசெம்பர் இரவு பதினைந்து மணித்தியாலம். மரங்களில் இலை கிடையாது. அங்குள்ள பெரிய கொம்பாந்தை டிசெம்பர், ஜனவரியில் சோடி சேரக் கூப்பிட்டு, பனி கிடக்கும்போதே முட்டையிட்டுவிடும். அதனால் அவர்களுக்குக் குளிர்காலம்தான் ஆந்தைக் காலம். நமக்கு ஜூன் இரவுக்கும் டிசெம்பர் இரவுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்லை. இலை உதிர்வதும் இல்லை. நம் ஊர் ஆந்தைகள் வருடம் முழுக்க இதே வளவுகளில்தான் இருக்கின்றன.

இங்கே மாறுவது மழை. கொழும்பில் ஒக்டோபரில் சராசரியாக 350 மில்லிமீற்றர் அளவில் கொட்டுகிறது. ஜனவரியில் 60 மில்லிமீற்றரைக்கூட எட்டுவதில்லை. ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இடியும் மழையுமாக இருக்கும்போது ஆந்தையும் கூப்பிடாது, கூப்பிட்டாலும் தகரத்தில் விழும் மழைக்குள் கேட்காது. டிசெம்பர் நடுப்பகுதியிலிருந்து பெப்ரவரி வரை மாலைகள் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். ஆகவே 'குளிர்காலக் கணக்கெடுப்பு' என்ற பெயரை வைத்துக்கொள்ளுங்கள், காரணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, யாரைக் கேட்கப் போகிறோம்? இலங்கையில் ஒரு டசின் ஆந்தை இனங்கள் வரை உண்டு. கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் நீங்கள் காது கொடுக்க வேண்டியது ஐந்துக்குத்தான்.

உங்கள் வீட்டுப் பக்கம் கத்துவது பெரும்பாலும் பழுப்பு வேட்டைக்கார ஆந்தையாக இருக்கும். 'கூ-வுக்… கூ-வுக்… கூ-வுக்…' என்று இரட்டை ஒலி; இரண்டாவது அசை சற்று மேலே ஏறும். ஏறக்குறைய செக்கனுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆறு முதல் இருபது தடவை வரை அடித்துவிட்டு நிற்கும், பிறகு மறுபடி. இருட்டிய கையோடும் விடியப்போகும் நேரத்திலும் அதிகம். ஆளைப் பார்க்க வேண்டுமானால் தெருவிளக்கைப் பாருங்கள். மின்கம்பியில் நெட்டாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். உருண்டைத் தலை, மஞ்சள் கண், பட்டை போட்ட நீண்ட வால். மற்ற ஆந்தைகளுக்கு உள்ள தட்டையான வட்ட முகம் இதற்கு இல்லை, அதனால் முதலில் பார்க்கிறவர்கள் வல்லூறு என்றே நினைப்பார்கள். விளக்கைச் சுற்றும் வண்டு ஒன்றைக் குறிவைத்துக் கம்பியை விட்டு எழும்பி, காலால் பிடித்து, அதே கம்பிக்குத் திரும்பும். மழை விட்ட இரவில் ஈசல் கிளம்பினால் இதை நின்று பார்க்கலாம். ஆள் கீழே நிற்பதைப் பற்றி அது அதிகம் கவலைப்படாது.

அடுத்தது இந்திய ஸ்கொப்ஸ் ஆந்தை. கைக்குள் அடங்குகிற அளவுதான். 'வுக்?' என்று ஒரே ஓர் ஒலி, கேள்வி கேட்பதுபோல. சில செக்கன் இடைவெளி, மறுபடி 'வுக்?'. இப்படியே கால் மணித்தியாலம்கூட ஓட்டும். பலர் இதைத் தவளை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். தவளை என்றால் மழை நாளில், தண்ணீர்ப் பக்கம், பல குரலாக வரும். காய்ந்த ஜனவரி இரவில் மாமரத்தின் உயரத்திலிருந்து தனியாக ஒரு 'தவளை' கத்தினால் அது தவளை இல்லை. பகலில் இது பலா மரத்துத் தண்டோடு ஒட்டி, காது மயிரை நிமிர்த்தி, உடம்பை மெலிதாக்கி, கண்ணைக் கீற்றாக மூடிக்கொண்டு நிற்கும். பட்டையின் நிறமும் இறகின் நிறமும் ஒன்றாகவே இருக்கும். நீங்கள் நகர்ந்தால் அந்தக் கீற்று மட்டும் உங்களோடு சேர்ந்து திரும்பும்.

மீன் ஆந்தை இவை இரண்டையும்விட மிகப் பெரியது. மீன், நண்டு, தவளை தின்னுவது, அதனால் கால்வாயும் குளமும் உள்ள பக்கம். காலிப் போத்தலின் வாயில் ஊதியதுபோல அடித்தொண்டையிலிருந்து வரும் 'பூம்-பூ'. மர ஆந்தையின் குரலும் ஆழமானதுதான், ஆனால் 'ஹூ-ஹுஹு-ஹூ' என்று அசை பிரிந்து கேட்கும். இடையிடையே மயிர்க்கூச்செறிகிற அலறலும் போடும். பெரிய மரங்கள் நெருக்கமாக உள்ள பழைய வளவுகள், தலங்கம பக்கத்துத் தோட்டங்கள் போன்ற இடங்களில் எதிர்பார்க்கலாம், கடற்கரைப் பக்கத் தொடர்மாடிகளுக்கு நடுவில் இல்லை. ஐந்தாவது கூகை, வெள்ளை நெஞ்சும் இதய வடிவ முகமும் கொண்டது. இது கூவாது, பறந்துகொண்டே துணி கிழிவதுபோன்ற சீறல் ஒன்றை விடும். முன்பு வடக்கில்தான் இருந்தது, இப்போது கொழும்பிலும் கட்டடங்களில் குடியிருக்கிறது.

புள்ளி ஆந்தையை நான் சேர்க்காதது மறதியால் அல்ல. தமிழில் ஆந்தை என்று தேடினால் முதலில் வருவது தமிழ்நாட்டுக் காணொளிகள், அவற்றில் பாதிக்கு மேல் புள்ளி ஆந்தை. இலங்கையில் அந்த இனமே கிடையாது. அதன் கீச்சுக் குரலை மனதில் பதித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றால் விடியும் வரை நிற்கலாம். கேட்டுப் பழக வேண்டுமானால் பறவைக் குரல் பதிவுகள் உள்ள ஸெனோ-காண்டோ தளத்தில் இலங்கை என்று வடிகட்டி, இந்த ஐந்தையும் மட்டும் கேளுங்கள். ஒரு கிழமை, படுக்கப்போகும் முன் ஐந்து நிமிடம் போதும்.

ஆந்தை அல்லாதவற்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் முதல் மாதம் உங்களை ஏமாற்றப்போவது அவைதான். மாலை ஆறு மணியளவில் இரண்டு சுரத்தில் தெளிவாக விசிலடிப்பது ஆறுமணிக்குருவி. ஒக்டோபர் வாக்கில் இந்தியாவிலிருந்து வந்து ஏப்ரல் வரை நம் வளவுகளில் தங்கும். தலைக்கு மேலே இருட்டில் 'க்வாக்' என்று ஒரே ஒரு தடவை கேட்டால் வக்கா, குளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 'கொரவக் கொரவக்' என்று புல்லுக்குள்ளிருந்து ஓயாமல் வருவது கானாங்கோழி. நடுச்சாமத்தில் ஆட்காட்டியும் கத்தும், குயிலும் கத்தும். கூரையில் தடதடவென்று ஓடுவது மரநாய். பழமரத்தில் சண்டை பிடிப்பது வௌவால்.

இனிக் கணக்கெடுப்பு. இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கொழும்பில் நீங்கள் எழுதி வைப்பது எத்தனை ஆந்தை இருந்தது என்பதை அல்ல, எத்தனை கேட்டது என்பதை. இரண்டுக்கும் நடுவில் நிற்பது வெள்ளவத்தையை ஊடறுக்கும் காலி வீதியின் இரைச்சல். மீன் ஆந்தையின் குரல் தாழ்ந்த அதிர்வெண் கொண்டது. பஸ் என்ஜின், ஜெனரேட்டர், தொடர்மாடிக் கூரையில் ஓடும் ஏசி இயந்திரம் எல்லாம் அதே அடிமட்டத்தில்தான் உறுமுகின்றன. ஸ்கொப்ஸின் 'வுக்' இரைச்சலுக்கு மேலே மிதந்து வந்துவிடும். மீன் ஆந்தையின் 'பூம்' அதற்குள்ளேயே அமிழ்ந்துவிடும். இரைச்சலைக் குறிக்காமல் மூன்று வருடம் எழுதினீர்கள் என்றால், உங்கள் கொப்பியில் மீன் ஆந்தை குறைந்துபோனதாகத் தெரியும். உண்மையில் பக்கத்தில் ஒரு புதுத் தொடர்மாடிக்கு ஜெனரேட்டர் வந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே ஒவ்வொரு தடவையும் இரைச்சலுக்கு ஓர் எண் போடுங்கள். 0 என்றால் இலை அசைவது கேட்கிறது. 1 என்றால் தூரத்து வாகனம். 2 என்றால் பக்கத்தில் நிற்பவரோடு பேசவே குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. 3 என்றால் வீட்டுக்குப் போங்கள். 3 போட்ட நாளையும் அழிக்க வேண்டாம், கொப்பியில் இருக்கட்டும்.

அதேபோல, ஒன்றும் கேட்காத நாளையும் எழுத வேண்டும். இதில்தான் ஆட்கள் சோர்ந்துபோகிறார்கள். 'ஒன்றுமில்லை' என்று எழுதக் கொப்பி எதற்கு என்று தோன்றும். ஆனால் பத்து நாளில் ஏழு நாள் கேட்டது என்று சொல்ல மீதி மூன்று நாளும் வேண்டும். கேட்ட நாளை மட்டும் எழுதியவரின் கொப்பி எப்போதும் நூறு வீதம் ஆந்தைதான்.

இடம் மூன்று போதும். ஒன்று உங்கள் மொட்டை மாடி. இரண்டாவது தண்ணீருக்குப் பக்கத்தில், வெள்ளவத்தைக் கால்வாய் ஓரம் போல. மூன்றாவது பெரிய மரங்கள் உள்ள அமைதியான ஒழுங்கை; கொழும்பு 7 பக்கம் ஒன்று பாருங்கள். ஒன்றுக்கொன்று அரைக் கிலோமீற்றராவது தள்ளி இருந்தால் ஒரே ஆந்தையை இரண்டு தடவை எண்ணும் ஆபத்து குறையும். கிழமைக்கு ஒரு நாள், ஒரே கிழமை நாளாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி, சனி வேண்டாம். வீதியும் கலியாண மண்டபங்களும் ஓயாது. ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம், அதில் முதல் இரண்டு நிமிடம் எதையும் எழுதாமல் காதை இருட்டுக்குப் பழக்குங்கள். அப்புறம் நேரம், திசை, எத்தனை குரல், இரண்டு பறவை மாறி மாறிக் கூப்பிட்டதா என்று குறியுங்கள். திசைக்குப் போனில் உள்ள திசைகாட்டியே போதும். கூட ஒருவர் வந்தால் இருநூறு மீற்றர் தள்ளி அவரை நிறுத்தி, இருவரும் ஒரே நேரத்தில் திசை எடுங்கள். வரைபடத்தில் இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில்தான் மரம் இருக்கும். மறுநாள் பகலில் போய் அந்த மரத்தடியைப் பார்த்தால் வெள்ளை எச்சம் சொட்டியிருக்கும். காகங்கள் கூட்டமாக ஒரு கிளையைச் சுற்றிக் கத்தினாலும் நின்று பாருங்கள். பகலில் கூகையைக் காகம் வெல்லும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது கண்ணால் பார்த்து எழுதியது.

நேரம்: டிசெம்பர் கடைசியில் ஆறு மணிக்கு முன்னே பின்னே சூரியன் இறங்கும், ஜனவரி முடிவில் ஆறே காலைத் தாண்டும். ஆகவே கடிகாரத்தை வைத்து அல்ல, சூரியன் மறைந்து அரை மணித்தியாலம் கழித்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் கொழும்பில் வாகன நெரிசலின் உச்சம் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் அதிகாலையை நான் மேல் என்பேன். நாலரை மணிக்கு முன் நகரம் உண்மையிலேயே தூங்குகிறது. ஐந்து மணி வாக்கில் பள்ளிவாசல் பாங்கும் பௌத்த விகாரையின் 'பிரித்' ஓதலும் தொடங்கிவிடும். மார்கழியில் திருவெம்பாவைக் காலத்தில் கோயில் ஒலிபெருக்கி அதற்கும் முன்னால் எழும்பும். அந்தப் பத்து நாளும் கோயிலுக்குப் பக்கத்து இடத்தை விட்டுவிடுங்கள், சாமியோடு போட்டி வேண்டாம். நத்தார் இரவு, 31ஆம் திகதி, தைப்பொங்கல் விடியல் ஆகியவற்றில் வெடிச்சத்தம், அதையும் தவிருங்கள். நிலா வெளிச்சம் உள்ள இரவில் பல ஆந்தைகள் கூடுதலாகக் கூப்பிடும் என்பதால் போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு, எத்தனை நாள் என்பதையும் ஓர் ஓரத்தில் எழுதுங்கள். நாட்காட்டி பார்த்தால் தெரிந்துவிடும், வேலை ஒன்றுமில்லை.

நகரத்துக்கு வெளியே கொஞ்சம் போக முடிந்தால் கோட்டே பெத்தகான, தலவத்துகொட தியசரு பூங்கா, தலங்கம குளம், பெல்லன்வில-அத்திடிய சரணாலயம் எல்லாம் நல்ல இடங்கள். கொழும்புக்கு 2018இல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததே இந்தச் சதுப்பு நிலங்களால்தான். ஆனால் பூங்காக்களை மாலையில் பூட்டிவிடுவார்கள். வெளி வீதியில் நின்று கேட்பதுதான் வழி. அங்கே நிற்பதென்றால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். நாடாளுமன்றத்தைச் சுற்றியுள்ள தியவன்னா ஏரி ஓரத்தில் தொலைநோக்கியும் ஒலிப்பதிவுக் கருவியுமாக இருட்டில் நின்றால் யாராவது வந்து விசாரிக்கத்தான் செய்வார்கள். அந்தப் பக்கத்தை விட்டுவிடுவது உத்தமம். மற்ற இடங்களில் காவலாளியிடம் முதலே போய் 'பக்கமூனா' (சிங்களத்தில் ஆந்தை) என்று சொல்லிவிடுங்கள். சிரிப்பார், அப்புறம் எந்த மரத்தில் இருக்கிறது என்று அவரே காட்டுவார். இரவுக் காவலாளிகளுக்குத் தெரிந்த அளவு ஆந்தை நமக்குத் தெரியாது. சதுப்பு ஓரத்தில் தண்ணீருக்கு இறங்க வேண்டாம், முதலை உண்டு. கை கால் மூடிய உடுப்பு போடுங்கள், டெங்கு நுளம்பு அந்தியிலும் விடியலிலும்தான் மும்முரம். தனியாகப் போக வேண்டாம்.

குரலை ஒலிபரப்பி ஆந்தையை வரவழைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். வேறோர் ஆந்தை தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு அது உங்கள் போனோடு சண்டைக்கு வரும். நகரத்தில் ஒரே சோடி இருக்கும் மரத்தடிக்குப் பத்துப் பேர் பத்து நாள் போய் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அத்தோடு, வழமையான குரலைக் கணக்கெடுப்பதுதான் நம் வேலை. நாமே கிளப்பிவிட்ட குரல் கணக்கில் சேராது.

போனில் குரலைக் கேட்டுப் பறவை இனத்தைச் சொல்லும் மெர்லின், பேர்ட்நெற் போன்ற செயலிகளைப் பாவியுங்கள், நம்பிவிடாதீர்கள். தூரத்து, தாழ்ந்த குரல் அவற்றுக்குச் சரியாகப் பிடிபடாது. பிடிபட்டாலும் சில நேரம் நாயைக்கூட ஆந்தை என்று சொல்லும். செயலி சொன்னதை அல்ல, நீங்கள் கேட்டதை எழுதுங்கள், சந்தேகம் என்றால் 'ஆந்தை, இனம் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். அப்படி எழுதி வைத்ததற்கு மதிப்பு இல்லை என்று நினைக்க வேண்டாம். 1995இல் கித்துல்கல காட்டில் தீபால் வரகாகொட என்பவர் யாருடையது என்று தெரியாத ஒரு குரலைக் கேட்டார். விடாமல் அதன் பின்னால் போய், 2001 ஜனவரியில் சிங்கராஜவில் அந்தப் பறவையைக் கண்டார். 2004இல் அது செரண்டிப் ஸ்கொப்ஸ் ஆந்தை என்று புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் புதிய பறவை அது, அதுவும் காதால் தொடங்கியது. வெள்ளவத்தையில் அப்படி ஒன்று கிடைக்கப்போவதில்லை, அது வேறு விஷயம்.

சேர்த்த தகவலை, பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் தளத்தில் போடலாம். கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் 1976 முதல் இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவோடும் தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். குரல் சந்தேகம் தீர்க்கக்கூடிய காதுகள் அங்கே உண்டு. பகலில் ஆந்தை தங்கும் மரத்தை மட்டும் முகநூலில் சொல்லிவிடாதீர்கள். மறுநாள் பிளாஷ் கமெராக்கள் வந்துவிடும்.

அம்மா விஷயம். வாதாடி வெல்ல முடியாது, வெல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஆந்தை கத்துவது தன் எல்லையைச் சொல்லவும் துணையைக் கூப்பிடவும் என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். எடுபடாவிட்டால் எலிக் கதையைச் சொல்லுங்கள். கூகை சாப்பாட்டுக்கு நம்பியிருப்பது எலியைத்தான், கொழும்பில் எலிக்குப் பஞ்சமா? அப்படியே தொடர்மாடிக் குப்பை அறையில் வைக்கும் எலிப் பாஷாணத்தையும் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். பாஷாணம் தின்று தள்ளாடும் எலியைப் பிடிக்கிற ஆந்தைக்கும் அந்த நஞ்சு போய்ச் சேரும்.

உறவுக்காரர் வீட்டு சீலிங்கில் குறட்டைச் சத்தம் வருவதாக எழுதியிருந்தீர்கள். அது பெரும்பாலும் கூகைக் குஞ்சுகள் பசிக்குச் சீறுவது. முட்டை பொரிக்க ஒரு மாதம், குஞ்சு பறக்க எட்டுப் பத்துக் கிழமை. இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் தானாகவே காலியாகிவிடும். காலியான பிறகு ஓட்டையை அடையுங்கள், அதற்கு முன் அடைத்தால் குஞ்சுகள் உள்ளேயே செத்துவிடும். குஞ்சு கீழே விழுந்து கிடந்தால், காயம் இல்லாவிட்டால், எடுத்துத் திரும்பக் கூட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். தாய் வந்து ஊட்டும். காயம் இருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், இருட்டாக, தண்ணீரும் பாலும் ஊட்டாமல் வைத்துக்கொண்டு வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். அவர்களுடைய பராமரிப்பு நிலையம் அத்திடியவில் இருக்கிறது. வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

முதல் வேலையாக உங்கள் வீட்டு ஆந்தையையே பதிவு செய்யுங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டு, பல்கணிக் கம்பியில் துண்டு ஒன்றின் மேல் வைத்து, இடமும் நேரமும் வாயால் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், விரல் உரசுகிற சத்தம்தான் பதியும். அதைக் கேட்டால் வேட்டைக்கார ஆந்தையா இல்லையா என்று சொல்லிவிடலாம்.